ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல்...

சில ஆண்டுகளுக்கு முன் என் மைத்துனர் காலில் ஏற்பட்ட புண்ணுக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர். புண்ணில் இருந்த கிருமி எலும்பைத் தொட்டு, ரத்தத்திலும் கலந்துவிட்டது. வழக்கமான மருந்துகளுக்குக் கட்டுப்படாத வகை அது என்று மருத்துவர் கூறினார். 'வான்கோமைசின்' என்னும் நுண்ணுயிர்க்கொல்லியைச் சிரை வழியே ஏற்றத் தொடங்கினார்கள். இரண்டாம் நாள் இரவு பதினொரு மணிக்கு மாட்டிய பாட்டில் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் உறங்க முடியாமல் புரண்டுகொண்டிருந்தார். இது சீக்கிரம் முடிந்தால் மனிதர் நிம்மதியாகக் கண்ணயர்வாரே என்று எண்ணி, குழாயில் இருந்த சிறு சக்கரத்தை நான் மேலே தள்ளிவிட்டேன். சொட்டு தாரையாயிற்று.

பத்து நிமிடங்களுக்குள் அவருடைய முகமும் கழுத்தும் மார்பும் சிவந்தன. உச்சந்தலை அரிக்கிறது என்றார். நெஞ்சு படபடக்கிறது என்றார். ஓடிவந்த செவிலியர் முதலில் குழாயை மூடினார். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. பணியில் இருந்த இளம் மருத்துவர் வந்து ஊசி ஒன்று போட்டார்; முக்கால் மணி நேரத்தில் சிவப்பு அடங்கியது. 'சார், ஒரு மணி நேரத்துக்குக் குறையாமப் போகணும்னுதானே சக்கரத்தை அப்படி வெச்சிருந்தோம்?' என்று கேட்டார் அந்தப் பெண். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கல்லூரியில் பொருளியல் கற்பித்த எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் மருத்துவன் அல்லன். ஆனால், அந்த இரவுக்குப் பிறகு இந்த மருந்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். மருத்துவமனையில் உறவினருக்குத் துணையிருக்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்திகள் அதில் நிறைய உள்ளன. 'நல்ல மருந்து ஏற்றுகிறார்கள்' என்பதோடு நம் அக்கறை முடிந்துவிடுகிறது. எப்படி ஏற்றுகிறார்கள், எவ்வளவு ஏற்றுகிறார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்பவற்றில்தான் நோயாளியின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது.

வான்கோமைசினின் கதை 1950-களில் தொடங்குகிறது. போர்னியோ காட்டுப் பகுதியிலிருந்து சமயப் பணியாளர் ஒருவர் அனுப்பிய ஒரு கைப்பிடி மண், அமெரிக்காவின் எலி லில்லி நிறுவன ஆய்வகத்தை அடைந்தது. அந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்று சுரந்த பொருள், பெனிசிலினுக்கு அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளைக் கொன்றது. 'வெற்றிகொள்' என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார்கள். 1958-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. தொடக்கக் காலத்தில் அது அழுக்குகள் நீங்காத பழுப்பு நிறத்தில் இருந்ததால், ஆய்வகத்தினர் அதை 'மிசிசிப்பிச் சேறு' என்று கேலியாக அழைத்தார்களாம். ஓரிரு ஆண்டுகளில் மெத்திசிலின் வந்தது. பக்க விளைவு குறைந்த அந்த மருந்து, வான்கோமைசினை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளியது. ஆனால், மெத்திசிலினுக்கும் அடங்காத ஸ்டெஃபைலோகாக்கஸ் 1961-இலேயே பிரிட்டனில் கண்டறியப்பட்டது. இன்று 'எம்ஆர்எஸ்ஏ' என்று உலகெங்கும் அறியப்படும் கிருமி அதுதான். அது மருத்துவமனைகளில் பரவப் பரவ, பின்வரிசைக்குப் போன மருந்து மீண்டும் முன்வரிசைக்கு வந்தது. இந்தக் கிருமியின் எதிர்ப்பாற்றலால் நேரடியாக விளைந்த உயிரிழப்பு 1990-இல் உலக அளவில் சுமார் 57,200. 2021-இல் சுமார் 1,30,000 என்று 'லான்செட்' இதழில் 2024-இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது.

இதை ஏன் மாத்திரையாகக் கொடுப்பதில்லை? வான்கோமைசினின் மூலக்கூறு பெரியது. பெனிசிலினைப்போல நான்கு மடங்குக்கும் அதிகமான எடை கொண்டது. விழுங்கினால் குடலைத் தாண்டி ரத்தத்தில் சேராது. ஒரு குறிப்பிட்ட வகைக் குடல் தொற்றுக்கு மட்டும் வாய்வழியாகக் கொடுப்பார்கள். அங்கே குடலிலேயே தங்குவதுதான் தேவை. ரத்தம், எலும்பு, இதய வால்வு, நுரையீரல் ஆகியவற்றில் உள்ள கிருமியை எட்ட வேண்டுமானால் சிரை ஒன்றே வழி. சிரை வழி என்பது உடலின் காவல் வாயில்கள் அனைத்தையும் கடந்து நேரே உள்ளே நுழையும் வழி. வயிற்றுக்குப் பிடிக்காத மாத்திரையை வாந்தி வெளியே தள்ளிவிடும். ரத்தத்தில் கலந்ததைத் திரும்பப் பெற முடியாது.

அதனால்தான் வேகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம். இந்த மருந்தை நன்கு நீர்க்கச் செய்து, நிமிடத்துக்கு 10 மில்லிகிராமுக்கு மிகாமல், எப்படியிருந்தாலும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும் என்பது விதி. ஒரு கிராம் மருந்தை 200 மில்லி லிட்டரில் கலந்திருந்தால், நிமிடத்துக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் 100 நிமிடங்கள் ஆகும். ஒரு மில்லி லிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாயில் அது நிமிடத்துக்கு 40 சொட்டு. செவிலியர் கடிகாரத்தைப் பார்த்தபடி சக்கரத்தை நகர்த்தும்போது அவர் மனத்துக்குள் போடும் கணக்கு இதுதான். நான் கலைத்துவிட்டதும் இதைத்தான்.

வேகமாக ஏறினால், உடலிலுள்ள சில செல்கள் தம்மிடம் சேமித்து வைத்திருக்கும் ஹிஸ்டமின் என்ற பொருளை ஒரேயடியாகக் கொட்டிவிடுகின்றன. சிவப்பு, அரிப்பு, ரத்த அழுத்த வீழ்ச்சி எல்லாம் அதன் விளைவுகள். இது பெரும்பாலும் ஒவ்வாமை அன்று, வேகத்தின் விளைவு. நிறுத்தி, ஹிஸ்டமினுக்கு எதிரான மருந்து கொடுத்து, பிறகு மெதுவாக ஏற்றினால் பெரும்பாலானோர் தாங்கிக்கொள்வார்கள். மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, உடலெங்கும் தடிப்பு ஆகியவற்றோடு வரும் உண்மையான ஒவ்வாமை வேறு. அரிதாக அதுவும் நேரும். அப்போது தாமதமின்றித் தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும். அந்த மருந்தை மறுபடி கொடுக்கலாகாது. இரண்டையும் பிரித்தறிவது எதிர்காலத்துக்கும் முக்கியம். மறுநாள் காலை வந்த மூத்த மருத்துவர், மைத்துனரின் குறிப்பேட்டில் 'ஒவ்வாமை' என்று எழுதப்பட்டிருந்ததை அடித்துவிட்டு, 'வேகமாக ஏறியதால் நேர்ந்தது' என்று எழுதினார். அந்த ஒரு சொல் அப்படியே இருந்திருந்தால், அவருக்குப் பயன்படக்கூடிய மருந்து அவருக்கு நிரந்தரமாக மூடப்பட்டிருக்கும்.

வேகத்தைவிடச் சிக்கலானது அளவு. மிகக் குறைவாகக் கொடுத்தால் கிருமி சாகாது. தப்பிப் பிழைப்பவை எதிர்ப்பாற்றல் பெறும். மிகுதியானால் சிறுநீரகம் பாதிக்கப்படும். இடையில் இருக்கும் பாதை குறுகலானது. ஐம்பது கிலோ எடையுள்ள தாய்க்கும் தொண்ணூறு கிலோ எடையுள்ள மகனுக்கும் 'ஒரு கிராம், நாளைக்கு இருமுறை' என்று ஒரே சீட்டு எழுதினால், இருவரில் ஒருவருக்காவது அது பிழையாகும். எடைக்கு ஏற்ப, கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராம் என்று தொடங்கி, சிறுநீரகத்தின் திறனுக்கு ஏற்ப இடைவெளியைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கவலைக்கிடமான நோயாளிக்கு முதல் தவணையே கூடுதலாகத் தேவைப்படும். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குக் கணக்கே வேறு.

நெடுங்காலம், அடுத்த தவணைக்குச் சற்று முன் ரத்தத்தில் எஞ்சியிருக்கும் மருந்தின் அளவை மட்டும் பார்த்து, அது 15-க்கும் 20-க்கும் இடையில் இருந்தால் போதும் என்று கருதினார்கள். அந்த இலக்கைத் துரத்தியதில் பல சிறுநீரகங்கள் தேவையற்று நலிந்தன. 2020-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், எம்ஆர்எஸ்ஏ-வால் வரும் கடுமையான தொற்றுகளுக்கு அந்த முறையைக் கைவிடச் சொன்னது. நாள் முழுவதும் உடல் எதிர்கொள்ளும் மருந்தின் மொத்த அளவைக் கணக்கிட்டு, அது 400-க்கும் 600-க்கும் இடையில் நிற்குமாறு பார்த்துக்கொள்ளப் பரிந்துரைத்தது. மாணவர்களுக்கு வளைகோட்டின் கீழுள்ள பரப்பைக் கரும்பலகையில் வரைந்து காட்டியவன் என்ற முறையில் எனக்கு இது எளிதில் பிடிபட்டது: ஒரு புள்ளியைப் பார்ப்பதைவிட முழுப் பரப்பைப் பார்ப்பது மேல். எல்லா ஊர்களிலும் இந்தச் சோதனை வசதி இல்லை. அங்கே குறைந்தபட்சம் கிரியாட்டினின் அளவை அடிக்கடி பார்ப்பதும், வெளியேறும் சிறுநீரை அளப்பதும் கட்டாயம். ஜென்டாமைசின், சில வலிநிவாரணிகள், ஸ்கேனுக்குச் செலுத்தும் சாய மருந்து ஆகியவை உடன் சேர்ந்தால் சிறுநீரகத்தின் சுமை கூடும். மூட்டு வலிக்காக வீட்டில் வழக்கமாக விழுங்கும் மாத்திரையைக் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுக்கும் உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் சொல்லாமல் அதைச் செய்யக்கூடாது.

இதற்கெல்லாம் முன்னதாக ஒரு கேள்வி இருக்கிறது: இந்த மருந்து தேவைதானா? ரத்தத்தில் கிருமி கலந்து அழுத்தம் விழும் நிலையில் விடை தெரியும்வரை காத்திருக்க முடியாது. ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போக வேண்டும். எந்தக் கிருமி என்று தெரியாததால், பரந்த வீச்சுள்ள மருந்துகளோடு தொடங்குவதும் நியாயமே. ஆனால், முதல் பாட்டில் ஏறுவதற்கு முன் 'பிளட் கல்ச்சர்' எனப்படும் ரத்த வளர்ப்புச் சோதனைக்கு மாதிரி எடுத்துவிட வேண்டும். மருந்து ஏறிய பின் எடுத்த ரத்தத்தில் கிருமி வளராமல் போகலாம். அப்புறம் சிகிச்சை முழுவதும் இருட்டில் நடக்கும். கட்டணச் சீட்டைப் பார்த்து, 'மருந்தை வாங்கிவிடுகிறோம், இந்த டெஸ்ட் மட்டும் வேண்டாமே' என்று கேட்கும் குடும்பங்கள் உண்டு. பணத்தை மிச்சப்படுத்துவதாக அவர்கள் நினைப்பது, இரண்டு வாரம் தவறான மருந்துக்குச் செலவழிப்பதாக முடியக்கூடும்.

சோதனை முடிவு இரண்டு, மூன்று நாள்களில் வந்ததும் சிகிச்சையை மறுபரிசீலனை செய்ய வேண்டும். இங்கே பலருக்கும் வியப்பளிக்கும் ஓர் உண்மை உண்டு. வந்திருப்பது மெத்திசிலினுக்கு அடங்கும் சாதாரண ஸ்டெஃபைலோகாக்கஸ் என்று தெரிந்தால், வான்கோமைசினைத் தொடர்வது நோயாளிக்குத் தீங்கு. அந்தக் கிருமியைக் கொல்வதில் செஃபசோலின் போன்ற பழைய மருந்துகளே அதைவிடத் திறன் மிக்கவை. 'பெரிய' மருந்திலிருந்து 'சின்ன' மருந்துக்கு மாற்றுகிறார்களே என்று உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். மருத்துவமனை செலவைக் குறைக்கிறது என்றுகூட ஐயப்படுவார்கள். மருந்தில் பெரிது சிறிது கிடையாது. கிருமிக்குப் பொருந்துவது, பொருந்தாதது என்ற இரண்டுதான். சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் காணப்படும் ஈ-கோலை போன்ற கிருமிகளின் வெளியுறையை வான்கோமைசினால் ஊடுருவவே முடியாது. அந்த நோயாளிக்கு அது சிறுநீரகத்துக்குச் சுமையே தவிர மருந்தாகாது.

எத்தனை நாள் என்பதிலும் ஒரே விடை இல்லை. ரத்தத்தில் கிருமி கலந்த 3,608 நோயாளிகளிடம் நடத்தி 2024-இல் வெளியிடப்பட்ட 'பேலன்ஸ்' என்னும் பன்னாட்டு ஆய்வு, பதினான்கு நாள் சிகிச்சைக்கு ஏழு நாள் சிகிச்சை சளைத்ததன்று எனக் காட்டியது. ஆனால், ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அந்தக் கிருமி ரத்தத்தில் இருந்தால், ரத்தம் கிருமியற்றது எனச் சோதனை சொல்லும் நாளிலிருந்து எண்ணத் தொடங்கி, குறைந்தது இரண்டு வாரம், பலருக்கு நான்கு முதல் ஆறு வாரம் மருந்து தேவை. காய்ச்சல் விட்டதும் 'போதும், வீட்டுக்குப் போகலாம்' என்று கிளம்புவது அங்கே உயிரோடு விளையாடுவதாகும். இன்னொரு பக்கம், எலும்பு, மூட்டுத் தொற்று உள்ள 1,054 பேரிடம் பிரிட்டனில் நடந்து 2019-இல் வெளியான 'ஒவிவா' ஆய்வில், முதல் ஆறு வாரச் சிகிச்சையை ஊசியில் பெற்றவர்களைவிட, தொடக்கத்திலேயே மாத்திரைக்கு மாறியவர்கள் பின்தங்கிவிடவில்லை. ஊசிதான் உயர்வு, மாத்திரை மட்டம் என்பது நம் ஊரின் ஆழமான நம்பிக்கை. செவிலியர்கள் 'வென்ஃப்ளான்' என்று சொல்லும் அந்த நெகிழிக் குழாய் கையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் புதிய கிருமி நுழைய ஒரு வாசல் திறந்திருக்கிறது. குத்திய இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, எரிந்தாலோ உடனே சொல்ல வேண்டும். வான்கோமைசின் சிரைக்கு வெளியே கசிந்தால் தசையையே அரித்துவிடும்.

அமெரிக்கப் பொருளியலறிஞர் கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மருத்துவம் ஏன் மற்ற சந்தைகளைப் போன்றதன்று என விளக்கினார். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. எனவே நம்பிக்கையே அங்கு நாணயம். அந்தக் கட்டுரையைப் பல ஆண்டுகள் பாடம் நடத்தியிருக்கிறேன். நம்பிக்கை என்பது வாய்மூடி இருப்பதன்று என்பது மருத்துவமனை நாற்காலியில் அமர்ந்தபோதுதான் உறைத்தது. கல்ச்சர் எடுத்தாயிற்றா, என்ன வந்தது, எடை பார்த்து அளவு தீர்மானித்தீர்களா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது, எப்போது மாத்திரைக்கு மாறலாம் என்று பணிவாகக் கேட்டால் நல்ல மருத்துவர் எவரும் கோபிப்பதில்லை. சொல்லப்போனால், கேட்கிறவர் இருப்பது அவருக்கும் துணை. வான்கோமைசினை உலக சுகாதார அமைப்பு தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதே சமயம், கவனத்தோடு பயன்படுத்த வேண்டிய 'கண்காணிப்பு' வகையிலும் சேர்த்திருக்கிறது.

மருத்துவமனைக்குள் எவ்வளவு கவனமாக இருந்தாலும், ஒரு மருந்தின் ஆயுள் அங்கே மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு டென்மார்க் சான்று. அவோபார்சின் என்பது வான்கோமைசினின் நெருங்கிய உறவு. கோழியும் பன்றியும் விரைவாக எடை கூட வேண்டும் என்பதற்காக அதை ஐரோப்பாவில் தீவனத்தில் கலந்தார்கள். 1994-இல் டென்மார்க்கில் மனிதர்களுக்குப் பயன்பட்ட வான்கோமைசின் 24 கிலோ. விலங்குகளுக்குப் போன அவோபார்சின் 24,000 கிலோ. உயிர் காக்க ஒரு பங்கு, தீவன லாபத்துக்கு ஆயிரம் பங்கு! வான்கோமைசினை எதிர்க்கும் என்டிரோகாக்கஸ் கிருமிகள் பண்ணை விலங்குகளில் பெருகியிருப்பது தெரிந்ததும், டென்மார்க் 1995-இல் அவோபார்சினைத் தடை செய்தது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியமும் தடை செய்தது. கோழிகளில் அந்தக் கிருமி பெருமளவு குறைந்தது. பன்றிகளில் குறையவில்லை. காரணம், டைலோசின் என்ற வேறொரு மருந்து தீவனத்தில் தொடர்ந்தது; இரண்டுக்குமான எதிர்ப்பு மரபணுக்கள் ஒன்றாகப் பிணைந்திருந்ததால், ஒன்று மற்றொன்றைக் காப்பாற்றியது. அதன் பயன்பாடு வீழ்ந்த பிறகே பன்றிகளிலும் குறைந்தது. ஊர்ப் பொதுக் குளத்தில் ஒருவர் மடையை அடைத்தால் போதாது, மற்றவரும் அடைக்க வேண்டும். இந்தியாவும் 2019-இல், கடைசி நிலை மருந்தான கொலிஸ்டினை உணவுக்கான விலங்குகளுக்குக் கொடுப்பதைத் தடை செய்தது.

தடைகள் தாமதமாக வந்தால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 2002-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வான்கோமைசினை முழுமையாக எதிர்க்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஒரு நோயாளியிடம் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. என்டிரோகாக்கஸ் தான் பெற்றிருந்த எதிர்ப்பு மரபணுவை அதற்குக் கைமாற்றியிருந்தது. நல்வேளையாக, அத்தகைய கிருமி இன்றுவரை அரிதாகவே உள்ளது.

மைத்துனருக்கு மொத்தம் ஆறு வாரம் சிகிச்சை நடந்தது. அதில் முதல் மூன்று வாரம் வான்கோமைசின், பிறகு மாத்திரை. இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று, கால் பிழைத்தது. கிரியாட்டினின் ஒருமுறை உயர்ந்தபோது தவணையின் இடைவெளியைக் கூட்டினார்கள், இறங்கிவிட்டது. எஞ்சிய இரவுகளிலும் நான்தான் துணையிருந்தேன். பாட்டில் மாட்டியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சொட்டுகளை எண்ணுவேன். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. சக்கரத்தின் பக்கம் கையைக் கொண்டுபோகவில்லை.